பாதுகாப்புப் பிரிவு அரவிந்தன்

ஜூன் 12, திங்கள்

காலையிலிருந்தே சாரல். சீசன் களை கட்டிவிட்டது என்று தென்காசி முழுக்க ஒரே சந்தோஷம். எங்கள் வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த வடகம் மட்டும் கூழாகிவிட்டது. பால்காரர் இன்றும் தண்ணீர் கலந்திருக்கிறார். இப்போது சொன்னால் மறுப்பார். இன்னும் கொஞ்ச நாள் கவனித்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. என் கணக்கிலிருந்து ஐந்நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஒரு தொகை போயிருக்கிறது. நான் யாருக்கும் அனுப்பவில்லை. தொகை பெரிதல்ல. ஆனால் கூட்டுறவுச் சங்கங்களைத் தணிக்கை செய்தே தலை நரைத்தவன் நான். பெரிய திருட்டுகள் எல்லாம் முதலில் இப்படிச் சின்னதாகத்தான் ஒத்திகை பார்க்கும்.

சொர்ணத்திடம் சொன்னேன். "பழைய பாட்டு கேக்கதுக்கு ஒண்ணு இறக்குனீங்கள்லா. ஒரு மாசம் சும்மா, பொறவு காசுன்னு அதுல போட்டிருந்துதே" என்றாள். என் மனைவியிடம் எல்லாவற்றுக்கும் ஒரு எளிய விளக்கம் உண்டு.

ஜூன் 13, செவ்வாய்

வங்கிக்குப் போனேன். மேனேஜர் விடுப்பு. உதவி மேனேஜர் மெர்லின் என்ற பெண். நாகர்கோவில் பக்கம், வயது முப்பது இருக்கலாம். கணினியைப் பார்த்துவிட்டு, "இது நீங்களே ஒத்துக்கிட்ட மாசச் சந்தா சார். பாட்டு ஆப். வேண்டாம்னா இப்பவே நிறுத்திரலாம்" என்றாள்.

"நான் ஒத்துக்கவே இல்லையேம்மா."

"தெரியாம விரல் பட்டிருக்கும் சார். எல்லாருக்கும் நடக்கதுதான்."

எல்லாருக்கும் நடக்கிறதாம். பேசும்போது அவள் கண் கணினியைத்தான் பார்த்தது, என்னை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. தணிக்கைக்குப் போன இடத்தில் ஒரு செயலாளர் இப்படிப் பேசினால் நான் அந்த ஊரில் இன்னும் இரண்டு நாள் தங்கிவிடுவேன்.

ஜூன் 14, புதன்

கிளையை நம்பிப் பயனில்லை. இணையத்தில் வங்கியின் சேவை எண்ணைத் தேடினேன். முதலில் வந்த எண்ணிலேயே உடனே எடுத்தார்கள். வழக்கமாக இசையைப் போட்டுக் காக்கவைப்பார்கள், இவர்கள் அப்படியில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். பெயர், பிறந்த தேதி, கார்டின் கடைசி எண்கள் இவற்றைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருவர் அழைப்பார் என்றார்கள்.

தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர். மெக்கானிக் காயில் எரிந்துவிட்டது என்கிறான். நம்பவில்லை.

ஜூன் 15, வியாழன்

அழைத்தார். பெயர் அரவிந்தன். வங்கியின் பாதுகாப்புப் பிரிவு, சென்னை.

"வணக்கம். திருமலைக்கொழுந்து சார்தானே?" என்று ஒரு எழுத்து பிசகாமல் கேட்டார். தென்காசியிலேயே பாதிப் பேர் என் பெயரை முழுதாகச் சொல்ல மாட்டார்கள். என் பிறந்த தேதியையும் கார்டின் கடைசி எண்களையும் அவரே சொன்னார். அசல் அதிகாரிக்குத்தான் இதெல்லாம் தெரிந்திருக்கும்.

"பாட்டுக்கான சந்தான்னு கிளைல சொன்னாங்களா சார்? அப்படித்தான் சொல்வாங்க" என்றவர், பேச்சை நிறுத்திக்கொண்டார். "மன்னிக்கணும். நான் இதுக்கு மேல பேசக்கூடாது. நீங்க என்ன வேலைல இருந்தீங்க சார்?"

சொன்னேன்.

"தணிக்கையா? அப்ப உங்ககிட்ட மறைச்சுப் பிரயோஜனம் இல்ல. நீங்களே கண்டுபிடிச்சிருவீங்க."

கிளைக்குள் இருக்கும் ஒருவரே வாடிக்கையாளர் விவரங்களை வெளியே விற்கிறாராம். ரகசிய விசாரணை நடக்கிறதாம். கிளையிலும் சரி, வீட்டிலும் சரி, இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. பெயரை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூன் 17, சனி

அரவிந்தன் கேட்டுக்கொண்டபடி ஒரு பாதுகாப்புச் செயலியைப் போனில் இறக்கினேன். வெளியாட்கள் நுழைந்தால் அவர்கள் பக்கம் தெரிந்துவிடுமாம். அவர் இதுவரை ரகசிய எண்ணையோ கடவுச்சொல்லையோ கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நிமிடமே துண்டித்திருப்பேன். "யார் கேட்டாலும் சொல்லாதீங்க சார், நானே கேட்டாலும் சொல்லாதீங்க" என்கிறார்.

சொர்ணம் கோவிலுக்குப் போகிற நேரம் பார்த்து அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 20, செவ்வாய்

அரவிந்தனுக்குத் தகப்பனார் இல்லை. தாயாருக்கு முழங்கால் வலி. வேலைப் பளுவில் மதியச் சாப்பாடு நாலு மணிக்குத்தானாம். நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னேன். தணிக்கைக்குப் போன ஒரு உரச் சங்கத்தின் கதையைச் சொன்னேன்: மூட்டை எண்ணிக்கை சரியாக இருந்தும் நான் விடாமல் அடி வரிசையைப் பிரிக்கச் சொன்னதும், உள்ளே மணல் இருந்ததும். குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டார். "எப்படி சார் சந்தேகம் வந்துச்சு?" என்று கேட்டார். அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. நான் மூட்டை என்று ஆரம்பித்ததுமே சொர்ணம் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஜூன் 22, வியாழன்

இன்று ஒரு முக்கியமான கேள்வி. "வங்கி ஆப்பை உங்க போன்ல யார் சார் போட்டுக் கொடுத்தாங்க?"

"எங்க மாப்பிள்ளை" என்றேன்.

எதிர்முனையில் ஏதோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி சார். இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவர்கிட்ட எதுவும் காட்டிக்காதீங்க" என்றார்.

மாப்பிள்ளை ஆவுடையப்பன் மதுரையில் மருத்துவக் கருவிகள் விற்கும் நிறுவனத்தில் இருக்கிறார். என் ஒரே மகள் கோமதியைக் கட்டி மூன்று வருடம் ஆகிறது. சித்திரையில் வந்திருந்தபோது என் போனை வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "மாமா, இனி நீங்க கரண்ட் பில்லுக்கு வரிசையில நிக்க வேண்டாம்" என்றார். நான் கேட்காமலேயே செய்தார். அப்போது அது நல்ல மனசாகத் தெரிந்தது.

மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 25, ஞாயிறு

மதுரையில் கோமதிக்கு வளைகாப்பு. விசேஷம் முடிந்து அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. சொர்ணம் விடியும் முன்பே கலவைச் சாதத்தில் பாதியைச் செய்துவிட்டாள். வேன் வாடகையில் டிரைவர் ஏமாற்றப் பார்த்தான்.

சம்பந்தி வீட்டில் நல்ல கூட்டம். பூக்காரம்மாவுக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் போன் சார்ஜில் கிடந்தது. மேஜைமேல் இருந்த என் போனை எடுத்து, "மாமா, இதுல அனுப்பிருதேன், லாக்கை மட்டும் எடுத்துவிடுங்க" என்றார்.

நான் அதை வாங்கிக்கொண்டேன். என் போனை யாரும் தொட வேண்டாம் என்று சொன்னேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். ஆனால் மேளம் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது.

சம்பந்தியம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துப் பூக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

புறப்படும்போது கோமதி பெட்டியை எடுக்கவில்லை. "நீங்க போங்க. நான் அப்புறமா வாரேன்" என்றாள். கை நிறைய வளையல், கண் சிவந்திருந்தது. புகையாக இருக்கலாம்.

வேனில் சொர்ணம் என் பக்கம் திரும்பவே இல்லை. வழியில் வாங்கிய வெள்ளரிப் பிஞ்சு வீடு வரும்வரை அவள் மடியிலேயே இருந்தது.

ஜூன் 26, திங்கள்

அரவிந்தனிடம் சொன்னேன். "உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும் சார்" என்றார். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

ஜூன் 28, புதன்

விஷயம் முற்றிவிட்டது. என் வைப்பு நிதிகளும் ஆபத்தில் இருக்கின்றனவாம். கிளையில் இருக்கும் அந்த நபர் எந்த நாளும் கை வைக்கலாம். விசாரணை முடியும்வரை தொகையை வங்கியின் பாதுகாக்கப்பட்ட கணக்கில் வைத்துவிட்டால் யாராலும் தொட முடியாது. ஓய்வுபெற்றபோது வந்ததை இரண்டாகப் பிரித்துப் போட்டிருந்தேன். ஒன்று என் பெயரில். இன்னொன்று என் பெயரிலும் சொர்ணம் பெயரிலும், இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்கலாம். இரண்டும் காகிதப் பத்திரம் என்பதால் நேரில் போய்த்தான் முடிக்க வேண்டும்.

அரவிந்தன் எச்சரித்தார்: "எதுக்கு எடுக்கீங்கன்னு அந்தம்மா துருவித் துருவிக் கேப்பாங்க சார். யாராவது போன் பண்ணுனாங்களான்னு கேப்பாங்க. உங்களுக்கு எவ்வளவு தெரியும்னு ஆழம் பாக்கதுக்காக."

ஜூன் 29, வியாழன்

காலையில் சொர்ணத்திடம் பத்திரத்தை நீட்டினேன்.

"எதுக்குன்னு சொல்லுங்க, போடுதேன்."

"இப்ப சொல்ல முடியாது."

"அப்ப கையெழுத்தும் இப்ப போட முடியாது." ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் நீட்டிய காகிதத்தில் அவள் கேள்வி கேட்டதே இல்லை. மதுரையிலிருந்து யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நேற்று மாலை கோமதியோடு அவள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன்.

என் பெயரில் இருந்த பத்திரத்தோடு மட்டும் வங்கிக்குப் போனேன். அரவிந்தன் சொன்னது எழுத்துக்கு எழுத்து நடந்தது.

"இன்னும் கொஞ்ச மாசம்தான் இருக்கு சார், வட்டி போயிருமே. அவசரச் செலவா?" என்று கேட்டாள் மெர்லின்.

"மகளுக்கு."

"டீ சொல்லட்டுமா? உக்காருங்க. யாராவது போன்ல உங்ககிட்ட பேசுனாங்களா சார்? பேங்குல இருந்துன்னு, போலீசுல இருந்துன்னு?"

மனுஷர் அங்கே சென்னையில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பெண்ணின் வாயில் வரப்போகும் வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். "என் பணத்தை நான் எடுக்க உங்கிட்ட விளக்கம் சொல்லணுமா?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் சுருங்கிவிட்டது. டீ வந்தது. குடிக்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு தொகையை என் சேமிப்புக் கணக்கில் சேர்த்தாள். "போன்ல யார் என்ன சொன்னாலும் எங்கயும் அனுப்பிராதீங்க சார்" என்று வாசல்வரை வந்து சொன்னாள். எவ்வளவு பயம் பாருங்கள்.

ஜூலை 1, சனி

ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு இருப்பதால் பகுதி பகுதியாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அரவிந்தன் போனில் கூடவே இருந்து வழி சொல்கிறார். எங்கே அழுத்துவது என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிகிறது. ஒவ்வொரு முறை முடிந்ததும் "அருமை சார்" என்பார்.

ஜூலை 3, திங்கள்

மெர்லின் மேல் வங்கியின் மண்டல அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். அரவிந்தனிடம் சொல்லவில்லை. அவர் விசாரணைக்கு இது வலு சேர்க்கும், தெரியும்போது சந்தோஷப்படட்டும். இரண்டு பக்கம். பார்வையைத் தவிர்த்தது, வாடிக்கையாளரின் சொந்த விஷயத்தைத் துருவியது, பணம் தரத் தயங்கியது, வெளியாட்களோடு தொடர்பு இருக்கலாம் என்ற நியாயமான ஐயம். எழுதி முடித்தபோது பழைய கை வந்துவிட்டதைப் பார்த்தேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஜூலை 5, புதன்

எல்லாம் அனுப்பி முடிந்தது. விசாரணை முடிந்ததும் வங்கி தரும் சான்றிதழோடு திங்களன்று பணம் திரும்ப வந்துவிடுமாம். அரவிந்தன் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதால் இரண்டு நாள் பேச முடியாதாம். முருங்கைக்கீரை சூப்பு கொடுக்கச் சொன்னேன்.

ஜூலை 8, சனி

அழைப்பு இல்லை.

ஜூலை 10, திங்கள்

நானே அழைத்தேன். எண் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. தாயாருக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று கவலையாக இருக்கிறது.

மோட்டார் சரியாகிவிட்டது. காயில்தான் எரிந்திருக்கிறது.

ஜூலை 11, செவ்வாய்

அழைப்பு இல்லை. விசாரணையை மோப்பம் பிடித்து, அந்தப் பெண்ணின் ஆட்கள் அவரை ஏதாவது செய்துவிட்டார்களோ. சேவை எண்ணையும் முயன்றேன். யாரும் எடுக்கவில்லை. போன் கையில் இருந்தபடியே சாப்பிட்டேன்.

ஜூலை 12, புதன்

சொர்ணம் சாதம் போட்டுக்கொண்டே கேட்டாள்: "உங்க கூட்டாளி இப்ப ஏன் பேச மாட்டங்காரு?"

"எந்தக் கூட்டாளி?"

"நான் கோவிலுக்குப் போனதும் ஒருத்தரு பேசுவாரே. எதுத்த வீட்டு அக்கா சொன்னாவ, சார் போன்ல சிரிச்சுச் சிரிச்சுப் பேசுதாங்கன்னு. பழகுன ஆள் யாரோன்னு நானும் கேக்கல." குழம்புக் கரண்டி கையிலேயே நின்றது. "நீங்க சிரிச்சுப் பேசி நாளாச்சேன்னு விட்டுட்டேன்."

சொன்னேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன், ஒரு அறிக்கை படிப்பதுபோல. விசாரணை, பாதுகாக்கப்பட்ட கணக்கு, சான்றிதழ். சொல்லச் சொல்ல என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது. சொர்ணம் கையைக் கழுவிவிட்டு வந்து தன் போனை எடுத்தாள்.

"யாருக்கு?" என்றேன்.

"மாப்பிள்ளைக்கு."

"வேண்டாம்."

"வேற யாரு இருக்கா நமக்கு?"

மாலை இருட்டுவதற்குள் அவர் வந்துவிட்டார். மதுரையிலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். கண்ணில் களைப்பு. "வாங்க மாப்பிள்ளை" என்று நான் சொன்னது சரியாக வெளியே வந்ததா என்று தெரியவில்லை. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார்.

சொர்ணம் என் போனை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "நீங்களே பிடிச்சுக்கங்க அத்தை, நான் பாக்கேன்" என்றார். அவள் கண்ணாடி காட்டுவதுபோலப் பிடித்திருக்க, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து ஒவ்வொரு செய்தியாகப் படித்தார்.

"மாமா, இந்த ஆப் இருந்தா உங்க ஸ்க்ரீன் முழுசும் அவனுக்குத் தெரியும். நீங்க போடுத பின் நம்பர் உட்பட" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்ததை எல்லாம் அவர் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 13, வியாழன்

சைபர் குற்றப் பிரிவு. மாப்பிள்ளைதான் கூட வந்தார். பெண் உதவி ஆய்வாளர் ஒருவர் கேட்டுக்கேட்டு எழுதினார்.

"அவன் என்ன பேரு சொன்னான்?"

"அரவிந்தன்னு சொன்னார்."

"எத்தனை மணிக்குப் பேசுவான்?"

"அவர் காலைல பேசுவார். சாப்பிட்டீங்களான்னு கேட்பார்."

உதவி ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "சார், இன்னும் அவர் இவர்னுதான் சொல்லுதீங்க."

மாப்பிள்ளை சுவரில் ஒட்டியிருந்த எச்சரிக்கைச் சுவரொட்டியைப் படிப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

பணம் அன்றன்றைக்கே பல கணக்குகளுக்குச் சிதறிப் போயிருக்கிறது. கடைசியாக அனுப்பியதில் ஒரு சிறு பகுதியை நிறுத்திவைக்க முடியலாம் என்றார்கள். மற்றது வந்தால் உண்டு. உடனே சொல்லியிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்குமாம். நான் அரவிந்தன் தாயாரின் உடல்நிலையை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை கேட்டார்: "இன்னொரு டெபாசிட் தப்பிச்சிட்டுல்லா மாமா? எப்படி?"

"உங்க அத்தை கையெழுத்துப் போடல."

அவர் முதல் முறையாக லேசாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 19, புதன்

போலீஸ் கேட்ட கணக்கு விவரங்களுக்காக வங்கிக்குப் போனேன். மெர்லின் நாற்காலியில் வேறு ஒருவர். மேனேஜர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "உங்க புகார் மேல நடவடிக்கை எடுத்தாச்சு சார். விசாரணை முடியிற வரைக்கும் அவங்களைச் சாயல்குடி கிளைக்கு மாத்தியிருக்கு" என்று பணிவாகச் சொன்னார். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்கிறார்.

அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறதாம். தாயாரிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாளாம். கடைநிலை ஊழியர் சொன்னார்.

புகாரைத் திரும்பப் பெறுவதாக அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை.

ஜூலை 24, திங்கள்

சாயல்குடி. திருநெல்வேலி, தூத்துக்குடி என்று பேருந்து மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். சாரலில் இருந்து போனவனுக்கு அந்த உப்புக் காற்று கண்ணை எரித்தது. சொர்ணம் கூட வாரேன் என்றாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சின்னக் கிளை. நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது மெர்லின் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்த கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லுங்க சார். என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்மா. உங்களைப் பாக்கத்தான் வந்தேன். அந்தப் புகாரைத் திரும்ப வாங்கிட்டேன்."

"திரும்ப வாங்குனா என் ஃபைல்ல இருந்து போயிரும்னு நினைக்கீங்களா சார்?"

நான் முப்பத்துச் சில்லறை வருடம் அரசாங்க வேலை பார்த்தவன். போகாது என்று எனக்குத் தெரியும். "விசாரணைக்கு நானே வந்து சொல்லுதேன். எங்க கூப்பிட்டாலும் வாரேன்" என்றேன்.

அவள் பேனாவை மூடினாள். "பணம் போயிட்டா?"

"போயிட்டு."

பின்னால் இருந்தவர் இருமினார். அவள் அவரைப் பக்கத்து இடத்துக்குக் கைகாட்டி அனுப்பிவிட்டு, கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சுட்டு சார். வட்டி போயிரும்னு சொல்லியும் நீங்க அசராததுலயே தெரிஞ்சுட்டு. இன்னும் ஒரு அரை மணி நேரம் உங்களைப் பிடிச்சு உக்கார வச்சிருக்கணும். வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டுருக்கணும். நீங்க எல்லார் முன்னாலயும் சத்தம் போட்டீங்க, எனக்கும் ரோசம் வந்துட்டு. போகட்டும்னு விட்டுட்டேன்."

அவள் என்னைத் திட்டுவதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போனேன் போலிருக்கிறது. இதற்கு நான் தயாராக இருக்கவில்லை. அவள் கணினியைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். நன்றாகக் கவனித்தால் தெரிகிறது, அது அவளுடைய வழக்கம். கூச்சம் உள்ளவர்கள் அப்படித்தான்.

"பாப்பாவுக்கு எத்தனை மாசம்?" என்று கேட்டேன்.

"அதை விடுங்க சார்" என்றாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

திரும்பும் பேருந்தில் இடம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

மண்டல அலுவலகத்தில் வாக்குமூலம் கொடுத்தேன். உங்கள் ஐயத்துக்கு ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். ஆதாரம் இல்லை என்றேன். அப்படியானால் எந்த அடிப்படையில் எழுதினீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நான் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன். என்னை மதிக்காமல் பேசியதாகத் தோன்றியது, அதுதான் அடிப்படை என்று சொன்னேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். வாசித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன்.

பால் இன்று நன்றாக இருந்தது. பால்காரரிடம் சொன்னேன். அவர் பயந்துவிட்டார்.

ஆகஸ்ட் 17, வியாழன்

கோமதி பிரசவத்துக்கு இங்கே வரவில்லை. மதுரையிலேயே ஆஸ்பத்திரி பார்த்துவிட்டார்கள். "பஸ்ல அலையக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்கப்பா" என்றாள். அப்படியும் இருக்கலாம்.

சொர்ணம் அங்கே போய்விட்டாள். நான் ரசமும் அப்பளமும் வைத்துச் சாப்பிட்டேன். ஒரு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குரலாக இருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று இங்கே எழுத விருப்பமில்லை.

செப்டம்பர் 6, புதன்

பேத்தி. தாயும் சேயும் நலம். விடிந்ததும் மதுரைக்கு ஓடினேன். கோமதி குழந்தையை என் கையில் கொடுத்தபோது முகத்தைப் பார்த்துக் கொடுத்தாள். அது போதும்.

செப்டம்பர் 8, வெள்ளி

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளையும் நானும் மட்டும். சொர்ணம் உள்ளே குழந்தையைக் குளிப்பாட்ட உதவிக்கொண்டிருந்தாள். மெர்லின் மறுபடி தென்காசிக்கே வந்துவிட்டதாக மேனேஜர் செய்தி அனுப்பியிருந்தார், அதைப் படித்துக் காட்டினேன். "நல்லது மாமா" என்றார். பிறகு பேச்சு நின்றுவிட்டது. இந்த இரண்டு மாதமாக அவர் வருகிறார், செய்ய வேண்டியதைச் செய்கிறார், மரியாதை குறையாமல் பேசுகிறார். ஆனால் நான் இருக்கிற அறையில் எதையும் எடுப்பதற்கு முன்னால் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறார். தண்ணீர்ச் செம்பைக்கூட.

நான் என் போனைத் திறந்து அவரிடம் நீட்டினேன். "மாப்பிள்ளை, இதுல பின் நம்பர், அனுப்புத வரம்பு எல்லாத்தையும் மாத்தணும்னு பேங்குல சொன்னாங்க. நீங்களே பாத்துச் செஞ்சு குடுத்திருங்க."

அவர் கையை நீட்டவில்லை. சட்டைப் பைக்குப் பக்கத்தில் அந்தக் கை ஒரு கணம் தயங்கி நின்றது.

"வேண்டாம் மாமா. நான் சொல்லுதேன், நீங்க அழுத்துங்க."

வற்புறுத்த எனக்கு முகம் இல்லை. போனை என் மடியில் வைத்துக்கொண்டேன். பின் நம்பர் போடும் இடம் வந்ததும் அவர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

மறுபடி வந்து உட்கார்ந்தார், இந்த முறை கொஞ்சம் நெருங்கி. வரம்பு என்றால் எதற்கு, அதைக் குறைத்தால் என்ன, இந்த எச்சரிக்கை ஏன் வருகிறது என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். பாதிக்குமேல் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். போலீசிலும் வங்கியிலும் பலமுறை சொல்லிவிட்டார்கள்.

சந்தேகம் இருந்து கேட்கவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கட்டும் என்றுதான் கேட்டேன்.